முதல் கியரில் பின்னால் போன கார்

பட்டறைத் தெருவில் அவளை எல்லோரும் சீட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கார், வேன், லாரி எதுவானாலும் சரி, அதன் இருக்கைக்கு ஸ்பிரிங் கட்டி, நார் திணித்து, உறை தைத்துக் கொடுப்பவள் அவள். ஊரில் பாதிப் பேர் அவள் தைத்ததன் மேல்தான் உட்கார்ந்து போகிறார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நல்லவள், கை சுத்தம், வாய் மட்டும் சற்று நீளம். ஆனால் வஞ்சம் வைத்தால் வைத்ததுதான். அவளுடைய கல்யாணப் படத்தில் அவள் தலையைப் பாதியில் வெட்டிவிட்ட போட்டோக்காரரோடு இருபது வருஷமாகப் பேச்சு இல்லை. அவர் மன்னிப்புக் கேட்டு, வேறொரு படத்துக்குச் சட்டம் போட்டு அனுப்பினார். படத்தைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டுச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டாள்.

போட்டோக்காரர் விஷயம் சில்லறை. அவள் நெஞ்சில் ஆணி அடித்து உட்கார்ந்திருந்தவர் வேறு ஒருவர். வண்டி ஓட்டிக் காட்டுகிறவர்களுக்குப் பாஸ், பெயில் போடும் பிரேக் இன்ஸ்பெக்டர்.

பதினாலு வருஷத்துக்கு முந்தைய கதை. தைத்த சீட்டுகளைத் தானே வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுக்கலாமே என்று அவளுக்கு ஆசை. லைசென்ஸுக்கு எழுதிப் போட்டாள். மூன்று முறை பெயில். நாலாவது முறை எல்லாம் நன்றாகவே போனது, கடைசியில் தார் டிரம்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கும் வரை. இரண்டு டிரம்களைச் சாய்த்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் சோதனை மைதானத்து மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்து, நம்பர் கூப்பிடும் மைக்கைக் கையில் வைத்திருந்தார். அந்த மைக்கிலேயே சொன்னார்:

"அம்மா, நீங்க வீட்டுக்குப் போய்த் தையல் மெஷினையே ஓட்டுங்க. அதுக்குதான் ரிவர்ஸ் கிடையாது."

மைதானமே சிரித்தது. வரிசையில் நின்றவர்கள், மதில் மேல் ஏறி வேடிக்கை பார்த்தவர்கள், டீ விற்றவர், எல்லோரும். வாசலில் நின்ற அவள் கணவர் சிரிக்கவில்லை என்று இன்றும் சத்தியம் செய்கிறார். அவர் பஸ் கண்டக்டர், பொய் சொல்லத் தெரியாதவர். ஆனால் அவர் கை அந்த நேரத்தில் வாயருகே எதற்குப் போனது என்ற விசாரணை அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை.

இதில் அவளுக்கு ஆறாத விஷயம் எது தெரியுமா? அவளுடைய தையல் மெஷினுக்கு ரிவர்ஸ் உண்டு! தடித்த ரெக்சின் தைக்கிற மெஷின் அது. பக்கத்தில் உள்ள நெம்புகோலை அழுத்தினால் தையல் பின்னால் ஓடி முடிச்சுப் போடும். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்ட அந்தப் பதிலை அதன் பிறகு கொதிக்கிற உலையிடம் சொன்னாள், சுவரிடம் சொன்னாள், தூங்குகிற கணவரின் முதுகிடம் சொன்னாள். சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை. மறுபடி அந்த மைதானத்துப் பக்கமே போகவில்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்து அவரே அவள் கடைக்கு வந்தார். தன் சொந்தக் காரின் சீட் கிழிந்துவிட்டது, தைக்க வேண்டும் என்றார். அவள் ஊசியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெயிலைப் பற்றிப் பேசினார், அவள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தார், "நல்ல கை ராசிம்மா உங்களுக்கு" என்றார். முகத்தில் ஒரு சின்னச் சந்தேகம்கூட இல்லை. அவளை அவர் சுத்தமாக மறந்துபோயிருந்தார்.

திட்டியது போகட்டும், திட்டியதையே மறந்துவிட்டானே பாவி என்று அன்று அவளுக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தூக்கத்தைக் கெடுத்தவன், தான் மட்டும் நன்றாகத் தூங்கியிருக்கிறான். சீட்டின் நாருக்குள் வளைந்த ஊசி ஒன்றை விட்டுத் தைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை பரபரத்தது. ஆனால் தொழில் வேறு, பகை வேறு. நூல் பிசகாமல் தைத்துக் கொடுத்தாள். அவர் வண்டி தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றே முடிவு செய்தாள். இந்த மனுஷன் சாகிற வரைக்கும் தன்னை மறக்கக் கூடாது.

கடைக்குப் பின்னால் ஒரு பழைய கார் கிடந்தது. யாரோ ஒரு பெரியவர் சீட் மாற்றக் கொண்டுவந்து விட்டவர், திரும்பி வரவே இல்லை. அவர் பிள்ளைகள் தூர தேசத்திலிருந்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். உருண்டை முதுகு, வட்ட விளக்கு, ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கும் கியர் கம்பி. பின் சீட்டில் பூனைகள் மூன்று தலைமுறை பெற்று வளர்த்திருந்தன. அந்தக் காரைச் சரி செய்து, பதினேழு வயது மகளிடம் கொடுப்பது, அடுத்த பிறந்த நாள் முடிந்ததும் அதே மைதானத்தில், அதே ஆள் முன்னால், அவளைப் பாஸ் பண்ண வைப்பது, பிறகு அவர் முன்னால் போய் நின்று, "நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்பது. இதுதான் முதலில் போட்ட திட்டம்.

தெருவில் எல்லோரிடமும் மகளுக்காக என்றே சொன்னாள். பொய்யும் இல்லை. மகளுக்கு ஊருக்கு வெளியே கல்லூரியில் இடம் கிடைக்கும்போல இருந்தது, இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம். பத்துக்கு மூன்று பங்கு மகளுக்காக என்று வைத்துக்கொள்ளலாம். மீதி ஏழு பங்கு அந்த மைக்குக்காக.

பதினான்கு மாதம் வேலை. பக்கத்துப் பட்டறை மெக்கானிக்குத் தெருவில் கிரீஸ் என்று பெயர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் காதுமடலில் கிரீஸோடு போனவர். அவர் எஞ்சினை இறக்கினார். ஓட்டை விழுந்த தரைத் தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். அம்மாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து துருவைச் சுரண்டினார்கள், பட்டி பூசினார்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். எந்த நிறம் அடிப்பது என்று தகராறு வந்தது. கதவு ரப்பருக்கு அடியில் வெயில் படாமல் ஒளிந்திருந்த பழைய பச்சையைக் கண்டுபிடித்து, அதையே அடித்தார்கள். சீட் வேலையில் மட்டும் அவள் யாரையும் கை வைக்க விடவில்லை. ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் சணல் கயிற்றால் எட்டுத் திசையில் இழுத்துக் கட்டி, ஓரத்தில் விரல் தடிமனுக்குப் பைப்பிங் வைத்துத் தைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தைத்ததாலோ என்னவோ, அவள் தைத்ததிலேயே அதுதான் நேர்த்தி.

கடைசி மாதத்தில்தான் கிரீஸ் அந்தத் தப்பைச் செய்தார். கியர் கம்பியின் அடியில் ஒரு சின்னக் கை இருக்கிறது. அதைத் தலைகீழாக மாட்டிவிட்டார். இந்த மாதிரி வண்டியில் கம்பியைத் தன் பக்கம் இழுத்துக் கீழே அழுத்தினால் முதல் கியர், மேலே தூக்கினால் ரிவர்ஸ். இப்போது அது அப்படியே மாறிப்போனது. முதல் கியர் என்று நினைத்து அழுத்தினால் கார் பின்னால் போனது.

"அரை மணி நேர வேலைக்கா. கழட்டித் திருப்பி மாட்டிடறேன்" என்றார் கிரீஸ், தலையைச் சொறிந்துகொண்டு.

சீட் அக்கா காரையே பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து கிரீஸுக்கு லேசாகப் பயம் வந்தது.

"வேண்டாம் தம்பி. அப்படியே இருக்கட்டும்."

"என்னக்கா சொல்றீங்க? ஓட்டறவங்க குழம்பிட மாட்டாங்களா?"

"குழம்பட்டும்."

காரணம் இதுதான். அந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு, ஊரறிந்த பழக்கம். ஒரு தடவை பிரேக் இல்லாத வண்டி ஒன்று அவர் மேஜை வரைக்கும் வந்துவிட்டதாம். அன்றிலிருந்து எந்த வண்டியையும் முதலில் அவரே வாசலிலிருந்து சுண்ணாம்புக் கோடு வரை ஓட்டிப் பார்ப்பார். வாசலுக்கு உள்ளே, வண்டி வந்து நிற்கும் இடத்துக்குச் சரியாகப் பின்னால், ஒரு பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. அந்த இடத்தில் யாரும் நிற்க முடியாது, சேறு. அவர் ஏறி உட்கார்ந்து, கெத்தாகக் கம்பியை இழுத்து அழுத்துவார். கார் பின்னால் பாயும். தொட்டி உடையும். நூறு பேர் சிரிப்பார்கள். பிறகு தன் மகள் ஏறி அதே வண்டியைப் பூப்போல ஓட்டிக் காட்டுவாள். ஒரு விடுமுறை நாளில் போய், காருக்கும் தொட்டிக்கும் நடுவே எத்தனை அடி வரும் என்று காலால் அளந்துவிட்டு வந்தாள். பதினோரு அடி. போதும்.

பயிற்சி, கடையின் பின் முற்றத்திலும் அதை ஒட்டிய காலி மனையிலும் நடந்தது. மகள் ஓட்டிப் பழகுவதற்கான லைசென்ஸ் எழுதி வாங்கியபோது, "உனக்கும் ஒண்ணு வாங்கிடறேம்மா. நீயும் சும்மா ஓட்டிப் பாரு" என்று அம்மாவுக்கும் சேர்த்து வாங்கினாள். சீட் அக்கா நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். பிறகு தினமும் ஓட்டினாள். மேலே தூக்கு, முன்னால் போ. கீழே அழுத்து, பின்னால் போ. ரிவர்ஸ் என்றால் டிரம்மைச் சாய்த்த காலம் போய், முற்றத்தில் நிறுத்திய டிரம்களுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். பழி வாங்குகிற வெறி இருந்தால் எந்தப் படிப்பும் சீக்கிரம் ஏறும்.

"அம்மா, இந்தக் கியர் தப்பா இருக்கே. சரி பண்ணச் சொல்லலாமே" என்றாள் மகள் ஒரு நாள்.

"பழைய வண்டின்னா அப்படித்தான்டி. நம்ம கைதான் பழகிக்கணும்."

மகள் அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். அம்மாவின் வயிற்றில் பிறந்தவள், அம்மாவின் குரலில் பொய் எங்கே உட்காரும் என்று தெரியாதா? நேரே கிரீஸிடம் போனாள். கிரீஸுக்கு இரும்பைத் தவிர வேறு எதையும் மறைத்து வைக்கத் தெரியாது. மைக், தையல் மெஷின், தண்ணீர்த் தொட்டி, பதினோரு அடி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

சோதனை நாள் வந்தது. மரத்தடி, மேஜை, மைக் எதுவும் மாறவில்லை. இன்ஸ்பெக்டருக்குத் தலை நரைத்திருந்தது, அவ்வளவுதான். பச்சைக் கார் உள்ளே நுழைந்ததும் வரிசையே கலைந்து வந்து சுற்றி நின்றது. சீட் அக்கா இருக்கிறதிலேயே நல்ல புடவையில் வந்திருந்தாள். கணவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். எதற்கு இவ்வளவு அவசரமாக வரச் சொன்னாள் என்று பாவம் அவருக்குத் தெரியாது. கிரீஸ் மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். அவளுடைய கண்ணைப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். கம்பியைப் பிடித்தார். சீட் அக்கா மனசுக்குள் கத்தினாள். போடா, போடா, பின்னால் போடா!

கார் முன்னால் போனது. வெண்ணெயை வெட்டினாற்போல் மெதுவாக, ஒரு குலுக்கல்கூட இல்லாமல், சுண்ணாம்புக் கோட்டில் போய் நின்றது. அவர் இறங்கி, பானெட்டைத் தட்டிக் கொடுத்தார். மேஜைக்குப் போய் மைக்கை எடுத்தார்.

"இந்த மைதானத்துக்கு இப்படி ஒரு வண்டி வந்ததே இல்ல. அந்த சீட்டைத் தைச்ச கைக்குத் தங்கக் காப்பு போடணும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். கணவர்கூடத் தட்டினார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆத்திரத்தில் வந்த தண்ணீர். பதினாலு வருஷம் அடைகாத்த முட்டையை யாரோ எடுத்துக் குடித்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. எவனுடைய வாயிலிருந்து மன்னிப்பு வர வேண்டுமோ, அந்த வாயிலிருந்து பாராட்டு வந்து விழுகிறது. அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

மகள் ஏறினாள், ஓட்டினாள், டிரம்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்தாள், பாஸ். கோட்டுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?" என்று பல்லுக்கு நடுவே கேட்டாள் அம்மா.

"கியரைச் சரி பண்ணிட்டோம். நேத்து நீ ரெக்சின் வாங்கப் போனப்ப."

"துரோகி! பால் குடுத்து வளர்த்தேனே உன்னை."

"அவரைத் தொட்டியில மோத விட்டுட்டா, எனக்கு யாரும்மா பாஸ் போடுவாங்க? கல்லூரிக்கு நான் தினமும் ரெண்டு பஸ் மாறித்தான் போகணுமா?"

பத்துக்கு மூன்று பங்கு என்று ஒதுக்கி வைத்த பிள்ளை கேட்கிற கேள்வி அது. சீட் அக்காவுக்கு உள்ளே சுருக்கென்றது. தன்னை வைத்து நாலு முறை விளையாடிய இடத்தில், தன் மகளை வைத்துத் தானே விளையாடப் பார்த்திருக்கிறாள். அது புரிந்தது. புரிந்ததும் அவர் மேல் கோபம் இன்னும் கூடியது. இந்த அளவுக்குத் தன்னைக் கொண்டுவந்து விட்டவரும் அவர்தானே?

அந்த நேரத்தில் மைக் அடுத்த நம்பரைக் கூப்பிட்டது.

"போம்மா. உன் நம்பர்தான்" என்றாள் மகள். "அன்னிக்குக் கையெழுத்து போட்டியே, அதுல இதுவும் ஒண்ணு. கியர் இப்போ சரியா இருக்கு. கீழே அழுத்தினா முன்னால போகும், ஞாபகம் வச்சுக்கோ. அவர் முன்னாடியே ஓட்டிக் காட்டிட்டு வா. அதைவிட வேற பழி என்ன வேணும் உனக்கு?"

ஏறி உட்கார்ந்தாள். காரை ஏற்கெனவே சோதித்தாகிவிட்டதால் இன்ஸ்பெக்டர் எழுந்து வரவில்லை. கோட்டுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில், மரத்தடி மேஜையிலேயே இருந்தார். அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்: கீழே முன்னால், மேலே பின்னால். கீழே முன்னால், மேலே பின்னால். கிளட்சை மிதித்தாள். கம்பியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பயப்படாம ஓட்டுங்கம்மா. அவசரமே இல்ல" என்றது மைக். எவ்வளவு அன்பான குரல்! முன்பின் பார்த்திராத ஒருத்திக்குத் தைரியம் சொல்கிற குரல். அவளுக்குத் தலைக்கு ஏறியது. மனசு சொல்லிக்கொண்டிருந்த பாடம் அறுந்துபோனது. தினமும் பழகிய கை, பழகியபடி, கம்பியை மேலே தூக்கியது.

கார் பின்னால் போனது.

ஐம்பத்தெட்டு வயசு மனுஷன் அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று அந்த ஊருக்கு அன்றுதான் தெரிந்தது. ஓடியவர் மைக்கைக் கீழே போட மறந்துவிட்டார். "அய்யோ! நிறுத்து! அம்மா! யம்மா!" என்ற அலறல் நாலு ஒலிபெருக்கியிலும் முழங்கியது. நாற்காலி ஒரு பக்கம், ஒற்றைச் செருப்பு ஒரு பக்கம். அவள் பிரேக்கை மிதித்தபோது பம்பர் மேஜையைத் தொட்டேவிட்டது. மேஜை சாவகாசமாகச் சாய்ந்தது. பிளாஸ்க் உருண்டு போய் மூடி திறந்து டீயெல்லாம் கொட்டியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

பிறகு மைதானம் சிரித்தது. வரிசை சிரித்தது, மதில் சிரித்தது, ஆபீஸ் ஜன்னல்களில் எட்டிப் பார்த்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். கண்டக்டர் கணவர் வாயை மூடிக்கொள்ளவே இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே வந்தார்.

"என்னம்மா இது! ஆளைக் கொல்லப் பார்த்தீங்களா?"

"தெரியாமப் பண்ணிட்டேன் சார். கை தப்பிடுச்சு" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். இன்றுவரை கிரீஸ் மட்டும் அதை நம்புவதில்லை. "அக்கா கையாவது, தப்பறதாவது" என்பார்.

பிறகு, விட்டால் இன்னொரு பதினாலு வருஷம் ஆகிவிடும் என்று, கேட்டேவிட்டாள். "சார், என்னைத் தெரியலையா? தையல் மெஷினை ஓட்டச் சொன்னீங்களே, இதே மைக்குல. அதுக்கு ரிவர்ஸ் கிடையாதுன்னு. என் மெஷினுக்கு ரிவர்ஸ் உண்டு சார்!"

அவர் செருப்பை மாட்டியபடி நிமிர்ந்து பார்த்தார். யோசித்தார். "நானா? அப்படியா சொன்னேன்? தினமும் நூறு பேர் வராங்கம்மா. யாருக்கு என்ன சொன்னேன்னு யாருக்கு ஞாபகம்" என்றார். பெயில் என்று எழுதினார்.

மகள் ஓட்டி வர, அவள் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். சிரிப்புச் சத்தம் இன்னும் காதில் இனித்தது. ஆனால் பாதி இனிப்புதான். ஓட வைத்துவிட்டாள், அலற வைத்துவிட்டாள். நினைவில் மட்டும் ஏற முடியவில்லை. "சொல்லியும் தெரியலையே அந்த ஆளுக்கு" என்று வழியெல்லாம் பொருமினாள்.

ஒரு மாதம் கழித்து ஆறாவது முறையாகப் போனாள். பச்சைக் கார் வாசலில் திரும்பியதும் மரத்தடியில் ஒரு பரபரப்பு. இன்ஸ்பெக்டர் எழுந்தார், இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார், மேஜையையும் நாற்காலியையும் மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட வைத்தார். கார் எப்படிப் பின்னால் வந்தாலும் மேஜையில் இடிக்காதபடி மரம் நடுவில் நின்றது. அன்று அவள் பாஸானாள், டிரம் ஒன்றுகூட ஆடவில்லை. லைசென்ஸ் இப்போது கடைச் சுவரில் தொங்குகிறது.

ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் அவள் சொல்வது அதைப் பற்றியல்ல. ஓட்டுவதற்கு முன்னால், படிவத்தை நீட்டிக்கொண்டு மேஜை முன் போய் நின்றாளாம். அவர் அதை வாங்கவே இல்லையாம். கண்ணைக் காரின் மேலேயே வைத்துக்கொண்டு, பதிவேட்டில் அவள் பெயரை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதினாராம்.